ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு: பொன்மலையில் செய்தது பாரம்பரியமா, நகலா?

மீட்டர்கேஜ்_மணி:
போன வாரம் மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏறினேன். எதிர் இருக்கைக்காரர் தன் பையனிடம், "நூறு வருஷத்து என்ஜின்டா, வெள்ளைக்காரன் காலத்தது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து எங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 2011-க்குப் பிறகு செய்த, கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும் நீராவி என்ஜின். அந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூட மாட்டேன்.

எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜின்கள் என்றால் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். நிறுவனம் செய்தவை. முதல் உலகப்போர் தொடங்கிய 1914-லிருந்து வரத் தொடங்கின. யுனெஸ்கோ 2005-ல் இந்தப் பாதைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தபோது அவைதான் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது ஓடுகிறவற்றில் பல நம் காலத்தில் செய்தவை. நன்றாக ஓடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் "பாரம்பரிய என்ஜின்" என்று சொல்லி டிக்கெட் விற்பது சரியா? அசலில் பாதி எங்கெங்கோ மேடையில் நின்று மழையில் நனைகிறது. ஓர் ஊரில் நானே பார்த்தேன். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, இணைப்புத் தண்டின் எண்ணெய்க் கிண்ணம்கூடக் கறுப்புப் பெயின்டில் அடைந்து கிடந்தது.

பொன்மலைப்பேரன்:
மணி அண்ணா, என் தாத்தா பொன்மலையில் ஃபிட்டர். அதனால் நான் நடுநிலை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"நகல்" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த என்ஜினுக்கு நான்கு சிலிண்டர், ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று கீழே ஒன்று. சமதளத்தில் உயரழுத்த சிலிண்டர் இரண்டும் மட்டும் வேலை செய்து சாதாரண சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் ஆரம்பித்ததும், அதே நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் தாழ்வழுத்த சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. சரிவு 12 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் ஏறுகிறது. நடுவில் இருக்கும் பல்தண்டவாளமும் இரட்டைப் பட்டை, பற்கள் ஒன்றுக்கொன்று மாறி மாறி இருக்கும். அப்போதுதான் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பல் அரை மில்லி தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் நீராவி என்ஜின் கட்டுவது 1972-ல் நின்றுபோனது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து, அதுவும் இப்படிப்பட்ட ஒன்றை, ஒரு பணிமனை செய்து மலையேற்றியிருக்கிறது. இதை நகல் என்றால் எதைத்தான் அசல் என்பீர்கள்?

இன்னொன்று. எக்ஸ் வகுப்பின் கடைசித் தொகுதி வந்தது 1952-ல். அப்போது வெள்ளைக்காரன் கப்பலேறி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவற்றையும் கழித்துவிடுவோமா?

மீட்டர்கேஜ்_மணி:
தம்பி, 1952 சுதந்திர இந்தியாவின் ஆர்டர் என்பது உண்மை. ஆனால் அதே தொழிற்சாலை, அதே வரிசை. நான் கேட்பது யாருடைய கொடி பறந்தது என்று இல்லை. ஒரு பழைய என்ஜினை ஓர் ஆவணமாகப் பாருங்கள். சட்டத்தில் வெடிப்பு விட்ட இடத்தில் யாரோ ஒட்டுப்போட்டிருப்பான். ஒவ்வொரு பாகத்திலும் எண் குத்தியிருக்கும். எந்தப் பாகம் எந்த என்ஜினிலிருந்து கழற்றி மாட்டியது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். புது என்ஜினில் இந்தக் கதை எதுவும் இல்லை. உங்கள் தாத்தாவின் கைவேலை பழைய என்ஜினில்தான் இருக்கிறது, புதியதில் இல்லை.

குன்னூர்ச்சாரல்:
இரண்டு பேரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்தப் பாதைக்கு மேலே குடியிருக்கிறேன். எனக்கு அது முதலில் ஒரு சத்தம்.

கரி போட்டு ஓடிய காலத்தில், வெயில் மாதங்களில் பொறி விழுந்து புல் பற்றிக்கொள்ளுமோ என்ற பயம் எப்போதும் இருக்கும். துணி காயப்போட்டால் கறுப்புத் துகள். 2002 வாக்கில் எண்ணெய்க்கு மாற்ற ஆரம்பித்தார்கள். துணி தப்பித்தது. ஆனால் வாசனை மாறிவிட்டது, சத்தமும் கொஞ்சம் மாறியது. எண்ணெய் பர்னர் தொடர்ந்து உறுமும். கரி என்ஜின் மூச்சு வாங்கி வாங்கி வரும். அதை நான் இழந்தது உண்மை. ஆனாலும் மறுபடி கரி வேண்டும் என்று கேட்க மாட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லையே. நீராவி என்ஜின் குன்னூர் வரைதான். அங்கிருந்து ஊட்டிக்கு இழுப்பது டீசல். குன்னூரில் ஏறி ஊட்டி போய்விட்டு "நீராவி ரயிலில் போனேன்" என்று படம் போடுகிறவர்கள்தான் அதிகம். மணி சார் முதலில் அவர்களைத் திருத்தட்டும்!

மீட்டர்கேஜ்_மணி:
அம்மா, அவர்களைத் திருத்த இந்தப் பிறவி போதாது.

ஆனால் எண்ணெய் பற்றிச் சொன்னீர்களே, அதில்தான் எனக்கு ஒரு கேள்வி. எண்ணெய் என்ஜின் அவ்வளவு நல்லது என்றால் 2021-ல் அதே பொன்மலை ஏன் கரியில் ஓடும் புது எக்ஸ் என்ஜின் செய்தது? அவர்களுக்கே உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது, கரி இல்லாமல் அது முழுமை ஆகாது என்று.

ஆழித்தேர்:
திருவாரூர்க்காரன் நான். எங்கள் ஊர்த் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தீப்பிடித்து எரிந்தே போனது. மறுபடி செய்தார்கள். இன்று அதற்கு இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக், எல்லாம் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. யாராவது "இது நகல் தேர், வடம் பிடிக்க மாட்டேன்" என்று வீட்டில் உட்கார்ந்தானா? தேர் என்றால் ஓட வேண்டும். நிலைக்கு வந்தபின் ஓலை போட்டு மூடி வைக்கலாம், அதுவும் அடுத்த வருஷம் ஓட்டத்தான்.

பொன்மலைப்பேரன்:
அண்ணே, நான் இரண்டு பத்தி எழுதியதை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

மீட்டர்கேஜ்_மணி:
தேர் சரி. கோயிலையும் பாருங்கள். திருப்பணி என்று சொல்லிச் சுவரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்தார்களே, அதுவும் "புழக்கத்தில் இருக்கும் கோயில்தானே" என்ற பேச்சில்தான் ஆரம்பித்தது. ஓட்டியே ஆகவேண்டும் என்று போனால், தேய்ந்த பாகத்தைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பத்தான் வேண்டும். பத்து வருஷத்தில் அசலில் என்ன மிஞ்சும்?

அதே சமயம் ஓட்டாமல் வைத்தாலும் பாதுகாப்பு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஃபேரி குயின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1855-ல் லீட்ஸ் நகரில் செய்தது, 1997-ல் மறுபடி ஓடியது, உலகிலேயே ஓடும் நிலையில் உள்ள மிகப் பழைய என்ஜின் என்று கின்னஸில் ஏறியது. 2011-ல் அதன் பாகங்களைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் நம் பெரம்பூர் பணிமனைதான் சரிசெய்து அனுப்பியது.

பொன்மலைப்பேரன்:
அதே பெரம்பூரில்தான் ஃபேரி குயினின் கூடப்பிறந்ததையும் 2010-ல் ஓடவைத்தார்கள். ஈ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21, "எக்ஸ்பிரஸ்" என்று பெயர். 1909-ல் ஓய்வு பெற்றது. நூறு வருஷம் நின்றே இற்றுப்போயிருந்ததில், இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். அது பாரம்பரியம், எங்கள் எக்ஸ் மட்டும் நகலா? எத்தனை சதவீதம் பழைய இரும்பு இருந்தால் உங்கள் தேர்வில் பாஸ்?

டார்ஜிலிங்கையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பி வகுப்பு நீராவி என்ஜின்களில் பெரும்பாலானவை கிளாஸ்கோவில் செய்தவை, மூன்று அமெரிக்காவின் பால்ட்வினில் செய்தவை. இன்னும் மூன்று? அந்த ரயில்வேயின் சொந்தத் தின்தாரியா பணிமனையில், வெள்ளைக்காரன் காலத்திலேயே செய்தவை. அவற்றை யாரும் நகல் என்று சொல்வதில்லை.

ஆல்ப்ஸ்_அகதி:
வணக்கம். நான் சுவிஸில் இருக்கிறேன், வின்டர்தூருக்குப் பக்கம். யாழ்ப்பாணத்தில் புகையிரதம் இல்லாமல் போன காலத்தில் வளர்ந்ததால் எனக்குப் புகையிரதம் என்றால் ஒரு பைத்தியம். இரண்டு செய்தி சொல்ல வேணும்.

முதலாவது. இங்கே ஃபுர்கா கணவாயில் தொண்டர்கள் நடத்தும் நீராவிப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் இயந்திரங்களில் சில, 1913 வாக்கில் இதே எஸ்.எல்.எம். அந்த ஃபுர்கா பாதைக்காகவே செய்தவை. 1947-ல் அவற்றை வியட்நாமுக்கு விற்றார்கள். அங்கே பிரெஞ்சுக்காரர் தா லாத் மலைக்குப் போட்ட பல்தண்டவாளப் பாதையில் ஓடின. போரில் அந்தப் பாதை மூடப்பட்டு, இயந்திரங்கள் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் இந்தத் தொண்டர்கள் போய்க் கப்பலில் ஏற்றி வந்தார்கள். அதோடு தா லாத்துக்கென்றே செய்த பெரிய இயந்திரங்களும் வந்தன. அவை அதற்கு முன் ஒருபோதும் சுவிஸில் ஓடியவை அல்ல. ஒன்றை ஓடவைக்கவே எத்தனையோ வருடம் பிடித்தது. நிறையப் பாகம் புதிது. இங்கே எவரும் அதை நகல் என்று சொல்லிக் கேட்டதில்லை. தா லாத்தில் இன்று பல்தண்டவாளமே இல்லை, 7 கிலோமீட்டர் சுற்றுலா ஓட்டம் மட்டும்தான். அங்குள்ளவர்களிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள், அதையும் யோசிக்க வேணும்.

இரண்டாவது. அந்த எஸ்.எல்.எம். கம்பனியே 1990-களில் பிரியன்ஸ் ரோட்ஹோர்ன் மலைப்பாதைக்குப் புது நீராவி இயந்திரம் செய்து கொடுத்தது. எண்ணெயில் ஓடும், ஓர் ஆளே ஓட்டலாம். ஆக, மணி ஐயா சொல்லும் "அதே தொழிற்சாலை"யே எண்ணெய்க்கு மாறிவிட்டது.

குன்னூர்ச்சாரல்:
அப்படியா! இது எனக்குப் புதிது. ஆனால் அங்கே அது பார்க்கவே புது என்ஜின் மாதிரி இருக்கும், இல்லையா? நம்முடையது பழையது மாதிரியே செய்திருக்கிறார்கள்.

ஆல்ப்ஸ்_அகதி:
ஓம், பார்த்தவுடன் தெரியும். ஒருவரும் ஏமாற மாட்டார்கள்.

மீட்டர்கேஜ்_மணி:
பாருங்கள், அக்கா ஒரே கேள்வியில் என் வழக்கை வாதாடிவிட்டார். எனக்கு அந்த எண்ணெய் என்ஜின் மேல் கோபம் இல்லை. பழையது மாதிரி வேஷம் கட்டி நிற்பதுதான் உறுத்துகிறது. பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு தகடு வையுங்கள். "பொன்மலை, இன்ன வருஷம்" என்று பெரிய எழுத்தில். வின்டர்தூர் என்ஜினுக்கு அதன் வருஷம். பெட்டியில் ஏறும்போது எதிர் இருக்கைக்காரர் படித்துப் பையனுக்குச் சரியாகச் சொல்லட்டும். அசலில் ஒன்றிரண்டை எதையும் மாற்றாமல், கூரைக்குக் கீழே, பெயின்ட்கூடச் சுரண்டாமல் வையுங்கள். மற்றதை ஓட்டுங்கள்.

பொன்மலைப்பேரன்:
தகடு யோசனை எனக்குச் சம்மதம். பெரிய எழுத்தில் பொன்மலை என்று போட்டால் எனக்கென்ன நஷ்டம்? தமிழில் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் கீழே "நகல்" என்று மட்டும் எழுதக் கூடாது.

மீட்டர்கேஜ்_மணி:
"மறுசெய்கை"?

பொன்மலைப்பேரன்:
அதுவும் கூடாது. எக்ஸ் வகுப்பு, அவ்வளவுதான்.

மீட்டர்கேஜ்_மணி:
அங்கேதான் இடிக்கிறது தம்பி.

ஆழித்தேர்:
இருவரும் வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். குன்னூர் அக்கா, இன்றைக்கு ரயில் உண்டா?

குன்னூர்ச்சாரல்:
இல்லை. ராத்திரி மழையில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்திருக்கிறதாம். காலையில் சத்தமே கேட்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது.