உதவி தேவை: ஐரோப்பாவில் தடுக்கப்பட்ட இறால் கண்டெய்னர்

பரங்கிப்பேட்டைப் பண்ணை:
வணக்கம். நாங்கள் குளத்தில் வளர்த்த வன்னமை வகை இறால் சென்ற கண்டெய்னரை ஐரோப்பியத் துறைமுகத்தில் நிறுத்தி, மருந்து எச்சம் இருப்பதாக அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். தடை செய்யப்பட்ட எதையும் நாங்கள் குளத்தில் இடவில்லை. அடுத்து என்ன செய்வது? அவசரம்.

வெள்ளாறு:
எந்த மருந்தின் எச்சம், ஐயா? ஓட்டுடன் அனுப்பினீர்களா, உரித்தா? அறுவடைக்கு முன் மருந்து எச்சம் பார்க்கும் எலைசா பரிசோதனைச் சான்று கையில் இருக்கிறதா?

கிள்ளைக்காரன்:
இது சுகாதாரத்தின் பெயரால் எழுப்பப்படும் வணிகச் சுவர். 2016இல் இந்தியப் பண்ணை இறாலுக்கு, நூற்றில் 10 சரக்குகளுக்கு என்றிருந்த எல்லைச் சோதனையை 50 ஆக்கினார்கள். அந்தத் தாமதச் செலவை யார் கொடுப்பது?

பழைய துறைமுகம்:
விதியைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று இங்கே பலமுறை எழுதிவிட்டேன். நைட்ரோஃபியூரான் என்ற தடைசெய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளின் எச்சங்களுக்கு ஐரோப்பா வைத்த அளவு, 2022 நவம்பர் முதல் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய அளவை மனத்தில் வைத்துச் சரக்கு ஏற்றினால் இப்படித்தான் ஆகும். பொரிப்பகத்தையும் தீவனத்தையும் விசாரியுங்கள்.

முதுநகர்:
அமெரிக்காவும் இதையேதான் செய்கிறது. வலையில் சிக்கும் ஆமையை வெளியே விடும் ஆமை விலக்குக் கருவி இல்லை என்று நம் கடல் இறாலை வாங்க மறுக்கிறார்கள். 1998இல் உலக வணிக அமைப்பில் நாம் வென்ற வழக்கல்லவா அது?

பழைய துறைமுகம்:
அரைகுறையாகச் சொல்லாதீர்கள். ஆமைகளைக் காக்கும் நோக்கத்தை மேல்முறையீட்டு அமைப்பு ஏற்றது. நாடுகளிடையே பாகுபாடு காட்டிய நடைமுறையைத்தான் தவறென்றது. அமெரிக்கா அதைத் திருத்திக்கொண்ட பிறகு, நம்முடன் வழக்குத் தொடுத்த மலேசியாவின் எதிர்ப்பு 2001இல் ஏற்கப்படவில்லை.

கிள்ளைக்காரன்:
வலை வாங்கவே கடன்படும் மீனவர் அந்தக் கருவிக்கு எங்கே போவார்? நோக்கம் நல்லதென்றால் செலவிலும் பங்கேற்க வேண்டும்.

வெள்ளாறு:
அந்த வழக்கு கடலில் பிடித்த இறாலைப் பற்றியது. குளத்து வன்னமைக்கு அது பொருந்தாது. பண்ணையாரே, அறிக்கையில் எச்சத்தின் பெயரைப் பாருங்கள். இரண்டுமே நைட்ரோஃபியூரான் மருந்துகள் விட்டுச்செல்லும் எச்சங்கள்தான். ஏஓஇசட் என்றிருந்தால் மருந்து எங்கிருந்தோ வந்திருக்கிறது என்றே பொருள். செமிகார்பசைடு என்றால் நிலைமை வேறு: மருந்தே படாத நன்னீர் இறாலின் ஓட்டிலும் அது இயல்பாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஓட்டையும் சேர்த்து அரைத்துச் சோதித்தார்களா, சதையை மட்டுமா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/625 ஒழுங்குவிதியின் 35ஆம் பிரிவு, சொந்தச் செலவில் இரண்டாம் நிபுணர் கருத்துப் பெறும் உரிமையைத் தருகிறது. அங்குள்ள இறக்குமதியாளர் வழியாக உடனே எழுதுங்கள்.

பரங்கிப்பேட்டைப் பண்ணை:
செமிகார்பசைடு என்றுதான் இருக்கிறது. தலை நீக்கி ஓட்டுடன் அனுப்பிய சரக்கு. சதையை மட்டும் மறுசோதனை செய்யும்படி இறக்குமதியாளருக்கு எழுதிவிட்டோம். நன்றி.