குடிலில் முளைத்த ராகி

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், கந்திகுப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். 2023-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் குடில் கட்டும் பொறுப்பு, பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான எங்கள் அன்பியத்துக்கு வந்தது. இத்தாலியில் கிரெச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223-இல் குடில் அமைத்து 800 ஆண்டுகள் நிறைவதைச் சொல்லி, இந்த முறை தெர்மாகோல் மலையும் பஞ்சுப் பனியும் வேண்டாம், நம் ஊரில் கிடைப்பதைக் கொண்டே செய்யுங்கள் என்று பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டார். அசிசியார் அன்று வைத்தது வைக்கோல் நிறைத்த தீவனத் தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையுமே என்பதையும் நினைவூட்டினார். எனக்கு இதில் முழு உடன்பாடு. மார்கழியில் நாங்கள் குளிரில் நடுங்குவது உண்மைதான். அதற்காக மாமரங்களும் ராகிக் கொல்லைகளும் உள்ள ஊரில் பஞ்சைத் தூவிப் பனி என்று சொல்வதை நான் ஒருநாளும் ரசித்ததில்லை.

மலை வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். பழைய சணல் சாக்குகளைப் பிரித்து, செம்மண்ணும் மைதாப் பசையும் கரைத்த குழம்பில் தோய்த்து, மூங்கில் சட்டத்தின் மேல் ஈரத்தோடு போர்த்தி, அது காயக் காய விரலால் அமுக்கி மடிப்புகளைப் பாறைகளாக்குவது அவருக்குக் கைவந்த வேலை. இரண்டு நாள் கழித்துக் காய்ந்த மலையைப் பார்த்த மறைக்கல்விப் பிள்ளைகள், "இது சையத் பாஷா மலைதானே!" என்று கூவினார்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் மொட்டைப் பாறை அப்படியே வந்திருந்தது. அப்பா அதை வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டேன். பெத்லகேமும் மலைநாட்டு ஊர்தானே என்று மட்டும் சொன்னார். அதன் அடியில் நீர்நிலைக்காக நாங்கள் வைத்த கண்ணாடிக்கு, எங்கள் கிருஷ்ணகிரி அணையான கே.ஆர்.பி. அணை என்று பெயர் சூட்டிவிட்டுத்தான் பிள்ளைகள் கலைந்தார்கள்.

வீட்டு நட்சத்திரம் என் பங்கு. ஐந்து மூங்கில் சீவல்களால் கட்டிய நட்சத்திரம் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நுனிகளைக் கட்டி, உட்புற மூலைகள் ஐந்திலும் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால்தான் விளக்கு வைக்க வயிறு கிடைக்கும். ஒரு முட்டு நீண்டுபோனதால் நான் கட்டியது முறுக்கிக்கொண்டது. மனைவி தாள் ஒட்ட மறுத்துவிட, இரவு உட்கார்ந்து அவிழ்த்துக் கட்டினேன்.

குடிலுக்குப் பசும்புல் வேண்டும் என்பதற்காக டிசம்பர் 9, சனிக்கிழமையன்று, பத்துத் தட்டுகளில் ராகி விதைத்தோம். ராகிக் களி உண்டு வளர்ந்தவர்களுக்கு ராகி விதைக்கத் தெரியாமலா போகும் என்ற நினைப்பு. மண்ணைத் தட்டு நிறையக் கொட்டி, விதையைக் கைநிறைய அள்ளிப் போட்டு, மேலே இரண்டு அங்குலம் மண் மூடி, குவளையால் நீர் ஊற்றினோம். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறான 17-ஆம் தேதி, ரோசா நிற மெழுகுவர்த்தி ஏற்றிய திருப்பலி முடிந்து போய்ப் பார்த்தால், ஊற்றிய நீர் விதையை அடித்துச் சென்ற ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மயிர் போல எழும்பியிருந்தது. நடுவெல்லாம் வெறும் மண்.

கிறிஸ்தவர்கள் வாழும் எங்கள் வேதக்காரத் தெருவுக்கு அடுத்த தெருவில், சொந்தமாக ஒரு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு வந்தவர், தட்டுக்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தார். "ஏன் தம்பி, கடுகைவிடச் சின்ன வெதையை இத்தனை ஆழத்துல பொதைச்சா அது எப்படி மூச்சு விடும்?" என்றார். கோவிலுக்கு என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டார். குழந்தைக்கு மாவு அரைக்க முளைகட்டுவதைப் போலவே ராகியை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் வடித்து, துணியில் இறுக்கிக் கட்டி அடுப்பங்கரையில் வைக்க வேண்டும். இந்தக் குளிரில் வெளியே வைத்தால் அது தூங்கிவிடும். வெள்ளை முளை தலைகாட்டியதும் மணலும் சலித்த மக்கிய சாணமும் கலந்த மண்ணின் மேல் மெல்லத் தூவி, ஈரச் சாக்கால் மூடி, நீரைக் கையால் தெளிக்க வேண்டுமே தவிர ஊற்றக் கூடாது. இவ்வளவையும் சொன்னதோடு நில்லாமல், தன் வீட்டு ராகியிலேயே இரண்டு படி அளந்து கொடுத்தார். என் மகள் அவரோடு உட்கார்ந்து தூவக் கற்றுக்கொண்டாள். 20-ஆம் தேதி காலை தட்டுகள் மறுபடி நிரம்பின.

அந்த ஆண்டு நாள்காட்டியும் எங்களைச் சோதித்தது. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்ததால் திருவருகைக் காலம் இருப்பதிலேயே குறுகியதாக, 22 நாள்களில் முடிந்தது. நான்காம் ஞாயிறும் நள்ளிரவுத் திருப்பலியும் ஒரே நாளில் அமைந்தன. காலைத் திருப்பலி இன்னும் திருவருகைக் காலத்துக்கு உரியது என்பதால் பீடத்தில் ஊதாத் துணி இருந்தது, பூ அலங்காரமும் அளவோடுதான் இருக்கலாம். ஆகவே ஒன்பது மணிக்குமேல்தான் பர்கூரில் வாங்கிய வெள்ளைத் துணியை விரிக்கவும், சாமந்திச் சரங்களைத் தொங்கவிடவும், சவுக்கு மரத்தை நிறுத்தவும் முடிந்தது. ஏணி ஒன்று, ஆலோசனை சொன்னவர்கள் முப்பது பேர். பாடகர் குழுவினர் ஒரு பக்கம் ஒத்திகை பார்க்க, மறுபக்கம் சீரியல் விளக்கில் பாதி எரியாமல் எலக்ட்ரீஷியன் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மாலையில் தட்டுகளைச் சுமந்து வந்து மலையடிவாரத்தில் பொருத்தினோம். ஒரு விரற்கடை உயரத்துக்குக் கம்பளம் விரித்தாற்போல ராகி நின்றது. மேய்ப்பர்களையும் ஆடுகளையும் அதில் நிறுத்தி, தீவனத் தொட்டியை வெறுமையாக விட்டோம். நள்ளிரவில் சாமியார் பாலன் இயேசுவின் சுரூபத்தை ஏந்தி வந்து கிடத்தியபோது, பின்வரிசையில் பெரியம்மா எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை பாலன் மேல் இருந்ததா, பயிர் மேல் இருந்ததா என்று தெரியவில்லை.

ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவான சனவரி 7-ஆம் தேதிக்குள் ராகி ஞானிகளின் இடுப்பு வரை வளர்ந்துவிட்டது. ஒட்டகத்துக்குக் கால்களே தெரியவில்லை. மறுநாள் குடிலைப் பிரித்தபோது சுரூபங்கள் நின்ற இடங்களில் பயிர் வெளுத்து மடிந்து வட்ட வட்டமாகக் கிடந்தது. பெரியம்மா கன்றுக்கென்று எல்லாவற்றையும் அறுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு, கடைசித் தட்டைக் காட்டி, "இதை யாரு தூவினது? சீரா வந்திருக்கே" என்று கேட்டார். மகள் கையை உயர்த்தினாள். அடுத்த ஆடியில் கொல்லைக்கு விதைக்க வரச் சொல்லிவிட்டுப் போனார்.