மின்சிக்கனத்துக்கு மாநில அரசிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி (மாணவி): எங்கள் குழு மாநில எரிசக்தித் துறைக்கு மனு எழுதுகிறது. 'விழிப்புணர்வு வேண்டும்' என்று மட்டும் எழுத மனசு வரவில்லை. மாநிலமே செய்யக்கூடியது எது சார்?

ஆற்றல் தணிக்கையாளர்: முதலில் டெண்டர் விதியைப் பிடியுங்கள்மா. போன வருடம் ஓர் அரசு விடுதியில் தணிக்கை செய்தேன். 300 மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட். ஏறக்குறைய அதே காற்றை 28 வாட்டில் தரும் பிஎல்டிசி விசிறி (மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ளது) சந்தையில் இருக்கிறது. தினம் 10 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 141 யூனிட் மிச்சம்! காப்பாளருக்கும் இது தெரியும். ஆனால் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஆர்டர். கரண்ட் பில் வேறு செலவுக் கணக்கில் போகிறது. எனக்கு வயிறு எரிந்தது. வாங்கும் விலையோடு ஆயுள்கால மின்செலவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஓர் அரசாணை கேளுங்கள்.

கட்டட வடிவமைப்பாளர்: சார் சொல்வது சரி. கூடவே 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தையும் மனுவில் எழுதுங்கள். கட்டடங்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கான விதித்தொகுப்பைத் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தும் அதிகாரத்தை பிரிவு 15 மாநிலத்துக்குத் தருகிறது. அறிவித்தால் மட்டும் போதாது, வரைபட அனுமதியின்போதே சரிபார்க்க வேண்டும். கூரையில் வெப்பத்தடுப்பு போட்டிருக்கிறார்களா என்று கட்டி முடித்தபின் யார் ஏறிப் பார்ப்பார்கள்?

மாணவி: நன்றி சார். பணம் எங்கே என்று கேட்டால்?

ஆற்றல் தணிக்கையாளர்: பிரிவு 16-ஐக் காட்டுங்கள். மாநில எரிசக்திச் சேமிப்பு நிதியம் அதற்காகத்தான்.