மகனின் உருளைக்கிழங்குப் பொரியலை அடியோடு நிறுத்தலாமா?

உவர்மலைத் தாய்:
மகனுக்கு 12 வயது. டியூஷன் முடிந்ததும் டச் பே கடற்கரைப் பக்கம் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தின்றுவிட்டு வருகிறான். இரவுச் சோற்றைத் தொடுவதில்லை. நேற்று அவனுடைய புத்தகப் பையில் எண்ணெய் ஊறிய கடதாசிகள் மூன்று கிடந்தன. "கிழங்குதானே அம்மா" என்கிறான். என் அப்பாவுக்கு நீரிழிவு இருப்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நிலாவெளிச் சமையல்காரர்:
தங்கச்சி, 14 வருடங்களாக ஹோட்டலில் இதைப் பொரித்துக்கொண்டிருக்கிறேன். அவித்த கிழங்கில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 87 கலோரி. பொரித்ததில் 300க்கும் மேல். கிழங்கின் நீர் ஆவியாகிவிட, எண்ணெய் ஏறிக்கொள்கிறது. அதற்காக அடியோடு நிறுத்த வேண்டாம், பிள்ளை ஒளித்துத் தின்பான். கிழமைக்கு ஒரு நாள் வீட்டிலேயே பொரித்துக் கொடுங்கள்.

விரல் தடிப்பில் வெட்டுங்கள். மெல்லியதாக வெட்டினால் எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், அதை ஊற்றிவிட்டுத் துணியால் ஈரத்தை ஒற்றுங்கள். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். பழுப்பேறினால் அக்ரிலமைடு என்ற பொருள் கூடும். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அஞ்சப்படும் அதை, பொரித்த உணவில் 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாச்சத்து சீனியாக மாறுவதால் பொரிக்கும்போது சட்டென்று கறுக்கும்.

தாச்சியிலிருந்து எடுத்த கையோடு நன்றாக உதறுங்கள். மேலே ஒட்டிய எண்ணெயைக் கிழங்கு ஆறும்போதுதான் உள்ளே இழுக்கிறது. நுரைத்து, விரலில் பிசுபிசுக்கும் பழைய எண்ணெயை நான் கொட்டிவிடுவேன். கடைப் பொரியலில் எனக்குப் பெரிய பயம் அந்த எண்ணெய்தான்.

பாலையூற்று வாசி:
உப்பையும் கவனியுங்கள், அக்கா. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் பொரியலோடு மீனும் வெள்ளரிக்காயும் கட்டாயம் இருக்கும்; அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்வோம், ஏனென்றால் கிழங்கும் மாச்சத்துத்தான். என் அப்பாவுக்குச் சிறுநீரக நோய். கிழங்கில் பொட்டாசியம் அதிகம் என்பதால் கிளினிக்கில் கேட்காமல் அவருக்குக் கொடுப்பதில்லை.

உவர்மலைத் தாய்:
நன்றி அண்ணா, நன்றி தம்பி. மகனையே கிழங்கு வெட்டச் சொல்லியிருக்கிறேன். சூடை மீனையும் அதே எண்ணெயில் பொரிக்கலாமா?

நிலாவெளிச் சமையல்காரர்:
பொரிக்கலாம். முதலில் கிழங்கு, பிறகு மீன். மீன் பொரித்த எண்ணெயை எடுத்து வைக்காதீர்கள்.