புதுப்பிப்பு: டைனரா நிக்கிற பழைய புல்மன் பெட்டி எதுன்னு தெரிஞ்சிடுச்சு

உதவின எல்லாருக்கும் தேங்க்ஸ். அமெரிக்கால ஒஹாயோ மாநிலத்துல எங்க ஏரியால டைனரா (சின்ன சாப்பாட்டுக் கடையா) இருக்கற ரயில் பெட்டியோட பூர்வீகம் கேட்டிருந்தேன்ல, கையில இருந்தது பக்கவாட்டுல எழுதின நம்பர் மட்டும்தான். அது வேலைக்கே ஆகல, ஏன்னா ஏகபோக வழக்குல வந்த 1944 கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம், ஸ்லீப்பர் பெட்டிகளைக் கட்டி நடத்தின புல்மன் கம்பெனி அதுங்களை ரயில்வே கம்பெனிகளுக்கு வித்துச்சு, இதை வாங்கினவங்க பின்னாடி தண்டவாள வேலையாட்கள் தங்குறதுக்கு மாத்தி புது நம்பர் போட்டுட்டாங்க.

வொர்க் அவுட் ஆனது "பெயின்ட்டுக்கு அடியில பேர் இருக்கும், டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான். புல்மன் ஸ்லீப்பருக்கு பெரும்பாலும் நம்பர் கிடையாது, பேர்தான். பேர் தெரிஞ்சதும் சிகாகோ நியூபெர்ரி லைப்ரரில இருக்கற புல்மன் ஆவணங்களை வச்சு தேடினா பிளான் 3410 (பெட்டியோட உள் அமைப்பைக் குறிக்கிற எண்), லாட் நம்பர் (ஒரே ஆர்டர்ல சேர்த்துக் கட்டின பெட்டிகளுக்கான எண்) எல்லாம் வந்துடுச்சு. 3410ன்னா 12 செக்ஷன் (மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு படுக்கை இருக்கற திறந்த பகுதி), 1 டிராயிங் ரூம் (கதவு வச்ச தனி அறை).

எதிர்பாராதது என்னன்னா நான் படிச்ச பேரே ரெண்டாவது பேராம்! 1930கள்ல ஏசி போட்டு, கொஞ்சம் செக்ஷனை தூக்கிட்டு டபுள் பெட்ரூம் வச்சப்போ பேரையும் மாத்திட்டாங்க. இனிமே தேடுறவங்க பேரோட நிக்காம முதல்ல கட்டினப்போ போட்ட லாட் நம்பரைப் பிடிங்க.