மறு: பேட்டிங்குக்குத் தமிழ் – 'திணிப்பு' வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

நம் தையல் சொற்பட்டியலுக்காக, மெத்தைப் போர்வையில் (quilt) மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வைக்கும் 'பேட்டிங்' (batting) என்ற அடுக்குக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த மின்னஞ்சல் உரையாடலை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். 'பேட்டிங்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வரி: என் தையல் வகுப்பில் அந்தச் சொல்லை உச்சரித்த முதல் நாளே, "அப்படியானால் பவுலிங் யார்?" என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'திணிப்பு' பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. சென்ற ஆண்டு வகுப்புக் குறிப்பில் நானே "இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சுத் திணிப்பை வைத்துத் தைக்கவும்" என்று எழுதினேன். ஒரு மாணவி அதை அப்படியே நம்பி, வீட்டிலிருந்த பழைய தலையணையைப் பிரித்து, இலவம் பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பி, மேலே துணியைப் போட்டு இயந்திரத்தில் ஓட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை; திணிப்பது என்றால் தலையணையில் செய்வதுதானே. ஒரு முழம் தைப்பதற்குள் பஞ்சு ஒருபக்கமாக ஒதுங்கி மேடுதட்டியது. பாபின் கேஸை, அதாவது இயந்திரத்தின் அடியில் கீழ்நூல் இருக்கும் கூட்டை, கழற்றிப் பார்த்தால் எண்ணெயில் ஊறிய பஞ்சு சுண்டைக்காய் அளவுக்கு உருண்டு கிடந்தது. அதைக் குண்டூசியால் நோண்டி எடுத்தவள் நான். சொல்லின் பிழைக்கு இயந்திரம் பலியானது.

நாம் பெயர் தேடும் பொருள் உதிரிப் பஞ்சு அல்ல. நாரைச் சீவிப் பரப்பி, முள்வைத்த ஊசிகளால் குத்திக் குத்திப் பிணைத்தோ, பசையாலும் வெப்பத்தாலும் ஒட்டவைத்தோ, சுருளாக வருவது. துணியைப்போல் கத்தரிக்கலாம். பருத்தியில் இருக்கிறது, பாலியெஸ்டரில் இருக்கிறது, இரண்டும் 80/20 என்று கலந்தது இருக்கிறது, கம்பளியிலும் இருக்கிறது. எனவே பெயரில் 'பஞ்சு' இருப்பதையும் நான் விரும்பவில்லை. 'கம்பளிப் பஞ்சு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே தடுக்கும்.

'எஃகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எஃகுதல் என்றால் பஞ்சு பன்னுதல், சங்கப் பாட்டில் வரும் சொல், அழகானது. ஆனால் இன்று கடையில் எஃகம் கேட்டால் இரும்புக் கடைக்கு வழிகாட்டுவார்கள்.

என் பரிந்துரை: இடைவிரிப்பு. மேலே மேல்துணி, கீழே அடித்துணி, நடுவே இடைவிரிப்பு. அது விரிக்கும் பொருள் என்பதும், எங்கே விரிப்பது என்பதும் சொல்லிலேயே இருக்கின்றன. எதனால் ஆனது என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: பருத்தி இடைவிரிப்பு, கம்பளி இடைவிரிப்பு.

இதனோடு வரும் சொற்களையும் இப்போதே பேசிவிடலாம். இடைவிரிப்பு எவ்வளவு புசுபுசுவென்று எழும்புகிறது என்பதற்கு 'உப்பல்' போதும். பூரிக்குச் சொல்வதுதான், யாருக்கும் விளக்க வேண்டாம். உப்பல் குறைந்த பருத்தி இயந்திரத்துக்கு எளிது; உப்பல் மிகுந்த பாலியெஸ்டர் ஊசியின் கீழே நழுவும், வளைவுகளில் துணி சுருக்கு விழும். சில இடைவிரிப்புகளில் நார் இழுபடாமல் இருக்க ஒரு மெல்லிய வலை சேர்த்திருப்பார்கள். அதற்கு 'வலையுருத் தாங்கி' என்றெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, நம்மிடம் சல்லா இருக்கிறது. சல்லா வைத்ததில் தையல் வரிகளுக்கு நடுவே 8, 10 அங்குலம்கூட விடலாம். சல்லா இல்லாத பருத்தியானால் நெருக்கித் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் துவைக்கும்போது திரளும். எவ்வளவு விடலாம் என்பது உறையிலேயே அச்சாகியிருக்கும்.

ஊசிக்கு வருகிறேன். வரைவுப் பட்டியலில் 'ஊசிக்கண்' என்று பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். தமிழில் ஊசிக்குக் காதுதான். கண் ஆங்கிலேயனுடைய ஊசிக்கு. இந்த வேலையில் அந்தக் காதுதான் முக்கியம் என்பதால் சொல்கிறேன். 75/11 ஊசியில் தடித்த நூலைக் கோத்து மூன்று அடுக்கையும் தைத்தால், நூல் காதில் உரசிப் பிசிறி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துவிடும். நான் டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) மாற்றும் திருகைத் திருகித் திருகி ஒரு மதியத்தையே வீணாக்கிய பிறகு 90/14 போட்டேன். அதன்பிறகு நூல் ஒருமுறைகூட அறுந்ததில்லை. முன்னெண் ஊசித்தண்டின் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு: 90 என்றால் 0.90 மி.மீ. பின்னெண் நம் தையற்காரர்கள் 'பதினான்காம் நம்பர்' என்று சொல்லும் அதே எண். இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட வேண்டும்.

நூலில்தான் பட்டியல் சறுக்கியிருக்கிறது. ரீலில் '40 வெயிட்', '50 வெயிட்' என்று போட்டிருப்பதை '40 எடை', '50 எடை' என்று ஆக்கியிருக்கிறீர்கள். படிப்பவர் 50தான் கனமானது என்று நினைப்பார். உண்மை தலைகீழ். ஒரு கிலோ நூல் எத்தனை கிலோமீட்டர் நீளும் என்பதுதான் அந்த எண். 40 என்றால் 40 கிலோமீட்டர். எண் ஏற ஏற நூல் மெலியும். என் அப்பா நூற்பாலையில் இருந்தவர். 40-ஆம் நம்பரைவிட 60-ஆம் நம்பர் மெல்லியது என்பது கோவைப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். ஆலையின் அலகு வேறு (840 கெஜ நீளமுள்ள நூற்சிட்டம், அதாவது நூற்கற்றை, ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பது), ஆனால் போகும் திசை ஒன்றுதான். ஆகவே 'நூல் எண்' என்பதே சரி. கூடவே 50/2, 50/3 என்று இருந்தால் பின்னது புரி, அதாவது சேர்த்து முறுக்கிய இழைகளின் எண்ணிக்கை: இரண்டு புரி, மூன்று புரி.

கறுப்புத் துணியில் இடைவிரிப்பின் வெள்ளை நார் தலைநீட்டுவதற்கு 'நார்க்கசிவு' என்று குறித்துவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்.

—

அம்மா,

ஊசிக்காதை ஒப்புக்கொள்கிறேன், பட்டியலைத் தொகுத்தவன் நான், வெட்கம் எனக்கே. நூல் எண்ணும் சரி. ஆனால் 'இடைவிரிப்பு' எனக்கு நெருடுகிறது. விரிப்பு என்பது கண்ணுக்குத் தெரியும்படி மேலே விரிப்பது. மேலும் இடை என்றால் இடுப்பு என்றும் ஆகும். 'உள்விரிப்பு' ஆகாதா?

—

ஐயா,

உள்ளே தைப்பதற்கு ஏற்கெனவே ஒரு துணி இருக்கிறது, லைனிங். உள்விரிப்பு என்றால் தையற்காரர் அதைத்தான் வெட்டுவார். மூன்று அடுக்கில் நடுவிலிருப்பது என்று சொல்ல 'இடை'தான் உதவுகிறது. இடுப்பு நினைவுக்கு வருவதைப் பற்றி: இடைவேளை, இடைத்தேர்தல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டோம் அல்லவா?

நார்க்கசிவு தீர்ந்துவிட்டது. இன்று காலை வகுப்பில் ஒரு பெண் தன் கருநீலப் போர்வையைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், இது நரைத்துவிட்டது" என்றார். தையல் வரி நெடுகப் பொடிப்பொடியாக வெள்ளை மயிர். ஊசி மழுங்கியிருந்தது, மாற்றச் சொன்னேன். அடுத்த முறை கறுப்பு இடைவிரிப்பு வாங்கவும் சொன்னேன். ஆங்கிலத்தில் இதைத் தாடி முளைப்பது என்கிறார்கள். பட்டியலில் 'நரைத்தல்' என்று போட்டுவிடுங்கள்.