புதுப்பிப்பு: தமிழ்ப்பள்ளியில் பாத்தேக் வகுப்பு, சூடான மெழுகு இல்லாமல்

பினாங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமை பாத்தேக் (துணியில் மெழுகால் கோடு போட்டு, நடுவில் சாயம் தீட்டும் கலை) வகுப்பு வைக்க நினைத்தோம். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பக்கத்தில் கொதிக்கும் மெழுகு கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், வேறு வழி உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வகுப்பு நடந்துவிட்டது.

மெழுகுக்குப் பதில் மைதாப் பசையால் கோடு போடும் யோசனையை முதலில் பார்த்தோம். இந்த ஊர் ஈரக்காற்றில் அது காய்வதற்குள் பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுகிறார்கள். கைகொடுத்தது, மெழுகுக் கோடு முன்பே போட்ட துணியைக் கொண்டுவரச் சொன்னவரின் யோசனைதான். ஓர் அக்கா வீட்டிலேயே கோடு போட்டுத் தந்தார். பூ, பட்டாம்பூச்சியைவிட சிக்குக் கோலம் அருமையாக வந்தது. கோடு எங்கும் முறியாமல் மூடிக்கொள்வதால் சாயம் பக்கத்துக் கட்டத்துக்குக் கசியவில்லை. இதை யாருமே சொல்லவில்லையே!

பிறகு தேடி வருபவர்களுக்கு: பாத்தேக்குக்குத் தீட்டும் ரெமாசோல் சாயம் காய்ந்ததும், நிறம் நிலைக்க சோடியம் சிலிக்கேட் தடவி ஓர் இரவு விட வேண்டும். அப்புறம் நன்றாக அலசி, சோடா ஆஷ் (சலவைச் சோடா) போட்ட கொதிநீரில் மெழுகை எடுக்கலாம். இரண்டும் பெரியவர்கள் வேலை, கையுறை கட்டாயம்.

பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்கள் மிச்சத் துணிக்குப் போட்டி போட்டார்கள். சரி, அடுத்த பள்ளித் தவணையில் அவர்களுக்கும் ஒரு மேசை போடுகிறோம்.